தானாக அணையும் வண்டி

சிக்னலில் சிவப்பு விழுந்தால் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும். சித்திக்குப் பயம் வரும். தூரத்தில் மஞ்சள் தெரியும்போதே அவளுடைய இரண்டு தோள்களும் காதை நோக்கி ஏறிவிடும். பின் இருக்கையிலிருந்து பார்க்கும் எனக்குக் கழுத்தே தெரியாது.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்கிறாள். லென்ஸின் விளிம்பைத் தேய்த்து, சட்டத்தைச் சூடான காற்றில் காட்டி இளக்கி, லென்ஸை உள்ளே அழுத்திப் பொருத்த வேண்டும். கடுகை விடச் சின்னத் திருகாணிகள். அவற்றை முடுக்கும்போது அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. முடுக்கியதை ஒரு தடவை சரிபார்ப்பாள், துணியால் துடைத்துவிட்டு இன்னொரு தடவை சரிபார்ப்பாள். அதனால் கடையில் அவளுக்கு ‘ரெண்டு தடவை’ என்றே பெயர். “இத ரெண்டு தடவைகிட்ட குடுங்க” என்று முதலாளி வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்வார். வீட்டிலும் அப்படித்தான். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படி இறங்குவாள். பாதியில் திரும்பி வந்து மறுபடி இழுப்பாள்.

“அந்தப் பூட்டுக்கே சந்தேகம் வந்துடும், நாம நெஜமாவே பூட்டுதானான்னு” என்பார் சித்தப்பா.

சித்தப்பா பஸ் டிரைவராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு வருஷமே நுரையீரல் இறுகிப்போகும் நோய் வந்தது. “நான் ஒரு சிகரெட் பிடிச்சதில்ல. எனக்கு முன்னாடி போன லாரிங்கதான் எனக்குச் சேர்த்துப் பிடிச்சுதுங்க” என்று டாக்டரிடமே சொன்னார். மாடி ஏற முடியாமல் ஆனது, பிறகு தெருமுனை வரைகூட நடக்க முடியாமல். ஸ்டியரிங்கைத் திருப்பினாலே மேல்மூச்சு வாங்கியது. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. வேலை கிடைத்ததிலிருந்து அவர்கள் வீட்டில்தான் நான் தங்கியிருக்கிறேன், ஆனால் எனக்கு வண்டி ஓட்ட வராது. ஆகவே ஐம்பதை நெருங்கும் வயதில் சித்தி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள்.

கிளட்ச் அவளுக்குப் பிடிபடவே இல்லை. “உங்க இடது கால் உங்க பேச்சையே கேக்க மாட்டேங்குதே மேடம்” என்று கற்றுக்கொடுத்தவர் கையை விரித்தார். அதனால்தான் ஆட்டோமேடிக் வண்டி. யாரோ ஓட்டியதுதான், ஆனால் பளபளப்பாக இருந்தது. வலது காலுக்கு மட்டும் வேலை. சித்தி கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கூட இருப்பாள், முதல் சிக்னல் வரும்வரை.

அந்த சிக்னலில் பிரேக்கை மிதித்து நின்றாள். அடுத்த நொடி என்ஜின் நின்றுபோனது. ஸ்டியரிங்கில் இருந்த மெல்லிய அதிர்வு போய், உள்ளே ஒரே அமைதி.

“ஐயோ, அணைஞ்சு போச்சு!”

“நீ என்ன பண்ண?” என்றார் சித்தப்பா.

“நான் ஒண்ணுமே பண்ணல. பிரேக்கத்தான் மிதிச்சேன்.”

பதறிப்போய் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினாள். அது வண்டியை முழுதாகவே அணைத்துவிட்டது. பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள். சித்தி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய சித்தப்பாவுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் ஓட்டிய எந்த வண்டியும் அவரைக் கேட்காமல் அணைந்ததில்லை.

மறுநாள் மெக்கானிக் சிரித்துக்கொண்டே விளக்கினார். “ரிப்பேர் இல்லக்கா. பெட்ரோல் மிச்சம் பண்ண அதுவே அணைச்சுக்கும். பிரேக்குலேருந்து கால எடுத்தா அதுவே கிளம்பும்.”

“கிளம்பலேன்னா?”

“கிளம்பும்.”

“ஒருவேளை கிளம்பலேன்னா?”

“கிளம்பும்கா.”

“அதில்ல தம்பி, நூத்துல ஒரு தடவை...”

“விடுப்பா” என்றார் சித்தப்பா. “இவ டாக்டர்கிட்டயும் இதத்தான் கேக்கறா.”

மெக்கானிக் ஏசி குமிழ்களுக்குக் கீழே, இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில் இருந்த ஒரு பட்டனைக் காட்டினார். அதை அமுக்கினால் சிறிய ஆரஞ்சு விளக்கு எரியும்; பிறகு என்ஜின் தானாக அணையாது. மறுபடி அமுக்கினால் விளக்கு போய்விடும், பழைய குணம் திரும்பிவிடும். வண்டியை நிறுத்தி மீண்டும் ஸ்டார்ட் செய்தாலும் அப்படியே. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மறக்காமல் அமுக்கியாக வேண்டும்.

“ஒரேயடியா எடுத்துவிட முடியாதா?”

“முடியும். ஆனா ஒயர்ல கை வச்சா வேற எங்கயாவது இழுத்துவிட்டுடும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்கா.”

அன்று முதல் சித்தி ஸ்டார்ட் செய்வாள், பட்டனை அமுக்குவாள், விளக்கைப் பார்ப்பாள், சீட் பெல்ட் போடுவாள், மறுபடி விளக்கைப் பார்ப்பாள். அப்போது அது காரணமில்லாத பயம்தான். காரணம் மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு வந்தது, ஆக்சிஜன் மெஷின் வடிவத்தில்.

பார்க்கச் சின்ன சூட்கேஸ் மாதிரி இருக்கும். அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். ஆஸ்பத்திரியில் இரவலாகக் கொடுத்தது. அதன் சொந்த பேட்டரி செத்துப்போயிருந்தது. வேறு பேட்டரி வரும் என்றார்கள், கையில் தூக்கிப் போகும் சின்ன சிலிண்டரும் முறை வரும்போது கிடைக்கும் என்றார்கள். இரண்டும் வரவில்லை. வீட்டில் சுவர் பிளக்கில் ஓடும். வாரம் ஒருநாள், செவ்வாய்க்கிழமை, மூச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போகும்போது காரில் இருக்கும் சார்ஜர் ஓட்டையில் சொருகுவோம். மெஷின் சித்தப்பாவின் காலடியில் இருக்கும். அதன் ஒயர் சுருண்டு மேலே ஏறி, அந்தப் பட்டனின் மேலாகத் தொங்கி, ஓட்டைக்குள் போகும்.

வார விடுமுறை எனக்கும் செவ்வாய்தான் என்பதால் நானும் கூடப் போவேன். முதல் செவ்வாயே தெரிந்துவிட்டது. ஒரு சிக்னலில் சித்தி பட்டனை மறந்திருந்தாள். என்ஜின் அணைந்தது, மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலை எடுத்ததும் என்ஜின் ஒரு உதறலோடு கிளம்பியது. அந்த உதறலில் ஓட்டைக்கு வரும் கரண்ட் கண் இமைக்கும் நேரம் தடைப்பட்டது. மெஷினுக்கு அது போதும். நீளமாகக் கத்திவிட்டு அணைந்துபோனது. திரும்ப ஆன் செய்து, அது சூடேறி, முழு வேகத்தில் ஆக்சிஜன் தர இரண்டு மூன்று நிமிஷமானது. அந்த நேரம் முழுக்க சித்தப்பா கண்ணாடி வழியே எதிர்க் கடையின் பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடுகள் ஈரச் சிமெண்ட் நிறத்துக்கு மாறின.

அதற்குப் பிறகு ஒருமுறை டாக்ஸி வைத்துப் பார்த்தோம். அந்த டிரைவர் சிக்கனக்காரர். சிக்னலுக்குச் சிக்னல் தன் கையாலேயே வண்டியை அணைத்தார். சித்தப்பா வீடு வந்ததும், “இவன்கிட்ட சாகறதுக்கு உன்கிட்டயே செத்துடறேன்” என்றார் சித்தியிடம்.

“வாயக் கழுவுங்க” என்றாள் சித்தி. ஆனால் மறு செவ்வாய் அவளே சாவியை எடுத்தாள். அவருடைய மூச்சு தன் வலது காலில் இருக்கிறது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடும்போது மேஜைக்கு அடியில் அந்தக் கால் எதையோ மிதித்தபடியே இருக்கும்.

நான் எழுத வந்தது மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றி. அதற்கு முந்தைய வாரம் சித்தி மறுபடி பட்டனை மறந்திருந்தாள். கடையில் ஒரு குழந்தையின் கண்ணாடியைப் பற்றி ஏதோ யோசனை. நல்லவேளையாக ஆஸ்பத்திரி வாசலில்தான் என்ஜின் அணைந்தது. அங்கேயே சக்கர நாற்காலியும் ஆக்சிஜனும் இருந்தன. ஆனாலும் அன்று சாயங்காலம் வரை அழுதாள்.

இந்த வாரம் எல்லாம் சரியாக நடந்தது. ஸ்டார்ட் செய்தாள். பட்டனை அமுக்கினாள். ஒயரை விலக்கி விளக்கு எரிவதைப் பார்த்தாள். பிறகு உடம்பைத் திருப்பி, பின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள். தெருவுக்கு வந்துவிட்டோம். வழியில் இருந்த இரண்டு சிக்னல்களும் பச்சை. சித்தியின் கழுத்து தெரிந்தது. சித்தப்பாகூட, “இன்னிக்கு யார் மூஞ்சில முழிச்ச?” என்றார்.

“உங்க மூஞ்சிலதான்.”

“அப்ப தினமும் முழி.”

ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை உண்டு. அதற்குள் பாதி தூரம் போனபோது முன்னால் இருந்த வண்டிகள் நின்றன. சித்தி பிரேக்கை மிதித்தாள்.

என்ஜின் அணைந்தது.

சுரங்கத்துக்குள் மற்ற வண்டிகளின் உறுமல் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டிக்குள் மெஷினின் ‘புஸ்... புஸ்’ மட்டும்.

“அமுக்கினேனே” என்றாள் சித்தி. குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. “லைட்டப் பாத்தேனே. பாப்பா, நான் அமுக்கினேன்தானே?”

“அமுக்கினீங்க சித்தி. நானும் பாத்தேன்.”

எக்கி ஒயரை விலக்கினேன். விளக்கு எரியவில்லை.

பிறகு சித்தப்பா, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு, “நானும் அமுக்கினேன்” என்றார்.

“என்னது?”

“நீ பின்னாடி பாத்துட்டு இருந்தியே, அப்ப. போன வாரம் மாதிரி மறந்திருப்பியோன்னு... ஒயர் மறைச்சுட்டு இருந்துது. சரி, எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு அமுக்கு.”

சித்தி அவரைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அவள் கண்கள் முன்னால் இருந்த வண்டியின் சிவப்பு விளக்குகளின் மேலேயே இருந்தன. கால் பிரேக்கில் இறுகியிருந்தது. எடுத்தால் என்ஜின் கிளம்பும். கிளம்பினால் மெஷின் அணையும். அதுவும் இந்த இடத்தில். கண்ணாடிகளை ஏற்றியிருந்தும் டீசல் நாற்றம் உள்ளே வந்துவிட்டிருந்தது. ஆக்சிஜனும் இல்லாமல் இந்தப் புகையை அவர் மூன்று நிமிஷம் இழுக்க வேண்டும்.

முன்னால் இருந்த வண்டிகள் நகர ஆரம்பித்தன.

“கால எடு” என்றார் சித்தப்பா.

“மாட்டேன்.”

“எடும்மா. எத்தனை நேரம் இப்படியே நிப்ப?”

“முடியாதுங்க. கால் வரமாட்டேங்குது.”

ஹாரன்கள் தொடங்கின. சுரங்கத்துக்குள் ஹாரன் காதில் அறைவதுபோல் இருக்கும். எங்கள் முன்னால் பாதை காலியாகிக்கொண்டே போனது, மறுமுனையில் மழை வெளிச்சம் ஒரு சின்னச் சதுரமாகத் தெரிந்தது. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பின்னால் நின்ற லாரியின் டிரைவர். சித்தி கண்ணாடியை இறக்கவில்லை. புகை வந்துவிடும்.

“என்னக்கா, வீடு கட்டி குடியிருக்கப் போறீங்களா இங்கயே?” என்று வெளியிலிருந்து கத்தினார். குனிந்து பார்த்தவர் சித்தப்பாவின் மூக்கில் இருந்த குழாயைக் கண்டார். அவர் முகம் மாறியது. பின்னால் திரும்பி, “ஏய், ஹாரன நிறுத்துங்கடா! நோயாளி!” என்று கத்தினார். யாரும் நிறுத்தவில்லை.

“இங்க பாரு” என்றார் சித்தப்பா. மெதுவாகத்தான் பேசினார், அவரால் அப்படித்தான் பேச முடியும். “நான் இப்ப நல்லா இழுத்து வச்சுக்கறேன். பாப்பா மெஷின் பட்டன்ல கை வச்சிருக்கட்டும். நீ விடு. வெளிய போயிடலாம்.”

நான் இருக்கைகளுக்கு நடுவில் உடம்பை நுழைத்து, குனிந்து, மெஷினின் பட்டனைத் தேடிப் பிடித்தேன். என் கை வழுக்கியது.

“சித்தி, நான் ரெடி.”

“ஏதாவது ஆச்சுன்னா?” என்றாள் சித்தி. “எனக்கு யார் இருக்கா?”

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது வண்டி உதறியது. என்ஜின் தானாகவே கிளம்பிவிட்டது.

“நான் எடுக்கல!” சித்தி அலறினாள். “கால எடுக்கவே இல்ல!”

உண்மைதான், அவள் எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே நின்றால் பேட்டரியைக் காப்பாற்ற வண்டி தானாகக் கிளம்பிக்கொள்ளும் என்று பிற்பாடு மெக்கானிக் சொன்னார். அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மெஷின் நீளமாகக் கத்தியதும், பிறகு அடங்கியதும்தான்.

நான் பட்டனை அமுக்கினேன். சிவப்பாக ஒரு விளக்கு மினுக்கியது.

“போ” என்றார் சித்தப்பா. அதற்கு மேல் பேச அவருக்கு மூச்சு இல்லை.

சித்தி போனாள். அப்படி அவள் ஓட்டி நான் பார்த்ததில்லை. சித்தப்பா வாயைத் திறந்து, தோள்களைத் தூக்கித் தூக்கி, இல்லாத ஒன்றைத் தேடுவதுபோல் இழுத்தார். இழுத்ததெல்லாம் புகை. இருமல் வந்தது, இருமவும் காற்று வேண்டுமே. ஒரு கையால் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையைச் சித்தியின் பக்கம் நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி அசைத்தார். மெதுவா, மெதுவா என்று. அந்த நிலையிலும் அவருக்கு அவள் வேகம்தான் கண்ணில் பட்டது. நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன.

வெளிச்சத்துக்கு வந்தோம். மழை முன் கண்ணாடியில் மொத்தமாக விழுந்தது. மெஷினின் விளக்கு இன்னும் சிவப்புதான். சித்தி எதையோ முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். நான் மெஷினின் மேல் கன்னத்தை வைத்துக் கிடந்தேன். அது முதலில் முனகியது, பிறகு ஒருமுறை ‘புஸ்’ என்றது, நெடுநேரம் சும்மா இருந்தது, பிறகு இன்னொரு ‘புஸ்’. விளக்கு பச்சையானபோது நாங்கள் ஆஸ்பத்திரித் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தோம்.

அவரை நாற்காலியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். அன்று பயிற்சி நடக்கவில்லை. மாலை வரை படுக்கையில் வைத்திருந்து அனுப்பினார்கள். சித்தி அவர் பக்கத்தில் நின்றாள், உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. அவருக்குப் பேச்சு வந்ததும் கேட்டாள்:

“எம்மேல நம்பிக்கை இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நம்பிக்கை இல்லாம இல்ல. பயம்.”

“உங்களுக்கா?”

“பின்ன? மூச்சு என்னுதுதானே?”

சித்தி கைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அவர் படுக்கையின் ஓரத்தில் வைத்தாள். பிறகு, “இனிமே நான் ஓட்டல” என்றாள்.

அந்த வாரம் முழுக்க அதே பேச்சுதான். ஓட்டமாட்டாள். டாக்ஸி வேண்டாம் என்பார் அவர். அப்படியானால் நான் போகவில்லை என்பார். “பயிற்சிக்குப் போகலேன்னா உள்ள இன்னும் இறுகிடும்னு டாக்டர் சொன்னாரே” என்று நான் சொன்னால், “இறுகட்டும்” என்பார். சித்தி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். ஆஸ்பத்திரிக்கு போன் செய்து கேட்டேன். பேட்டரி இந்த வாரமும் வரவில்லை.

திங்கட்கிழமை கடையிலிருந்து வந்த சித்தி லிஃப்டில் ஏறி மாடிக்கு வராமல் கீழேயே வெகுநேரம் இருந்தாள். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். நிறுத்தியிருந்த வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள். சித்தப்பாவும் குழாயை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை சித்தி சாவியை எடுத்துக்கொண்டு, “கிளம்புங்க” என்றாள். அவ்வளவுதான்.

கீழே வந்ததும் சித்தப்பா பின் கதவைத் திறந்து பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

“முன்னாடி வாங்க” என்றாள் சித்தி.

“வேணாம். என் கை சும்மா இருக்காது. நான் இங்கயே இருக்கேன்.”

“சும்மா இருக்க வேணாம். முன்னாடி வாங்க. இனிமே அமுக்கறது உங்க வேலை. நான் தொடமாட்டேன்.”

“நீயா? பாக்காம இருப்பியா?”

“அந்தப் பக்கமே திரும்பமாட்டேன். அமுக்கினீங்களான்னும் கேக்கமாட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. மெதுவாக இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கி, முன்னால் வந்து உட்கார்ந்தார். மெஷினைச் சொருகினேன். சித்தி ஸ்டார்ட் செய்தாள், உடனே முகத்தை வலது பக்க ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டாள். அவர் கை நீண்டது. ஒயரை விலக்கியது. நான் கண்களை மூடிக்கொண்டேன். எனக்குத் தெரிந்தால் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

முதல் சிக்னல் சிவப்பு. வண்டி வேகம் குறைந்தது. சித்தியின் தோள்கள் ஏறின. அவள் பார்வை நடுவில் இருந்த பட்டன் பக்கம் பாதி வரை வந்து, அங்கேயே நின்று, மறுபடி நேராகச் சாலைக்குத் திரும்பியது. பிரேக்கை மிதித்தாள்.

நின்றோம்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் இருந்த அவள் விரல்களில் அந்த மெல்லிய அதிர்வு தெரிந்தது. சாலையைக் கடப்பவர்கள் எங்கள் முன்னால் நிதானமாகப் போனார்கள். சித்தி அசையவே இல்லை.

“மூச்ச விடு” என்றார் சித்தப்பா. “மெஷின் ஒண்ணுதான் இருக்கு.”

அவள் விட்டாள். பச்சை விழுந்தது, காலை எடுத்தாள், வண்டி நகர்ந்தது. அடுத்த சிக்னல் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவும் மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தது.